முத்துச் சல்லடையும் மின்வண்டிச் செருகியும்

முத்துக்குளித்துறை என்று நம் கடற்கரைக்குப் பெயர் வந்த காரணத்தை இம்மலரைக் கையில் எடுப்போர் யாவரும் அறிவர். கொற்கை முத்தின் ஒளியும், மூச்சடக்கி மூழ்கியவரின் உழைப்பும், கரையில் காத்திருந்த வணிகர் கூட்டமும் பலரால் எழுதப்பட்டுள்ளன. ஆயின், கடலிலிருந்து வந்த முத்து விலையாகும் முன்னர் ஒரு பித்தளைச் சல்லடையைக் கடக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சல்லடை ஒன்றன்று, பத்து. அளவில் யாவும் ஒத்தவை. துளைகளின் எண்ணிக்கையில் மட்டுமே வேறுபட்டவை. முதற் சல்லடையில் 20 துளைகள். அடுத்தவற்றில் 30, 50, 80, 100 எனப் பெருகி, இறுதிச் சல்லடையில் 1000 துளைகள். எண்ணிக்கை பெருகப் பெருகத் துளை சிறுத்துக்கொண்டே செல்லும். முதற் சல்லடையில் தங்கியது பெருமுத்து. இறுதிச் சல்லடையிலும் தங்காது ஒழுகியது தூள். இதன் பின்னரே வடிவும் நிறமும் நோக்கி ஆணிமுத்து முதலாகத் தரம் பிரித்தலும், மஞ்சாடியில் நிறுத்தலும், செவ்வுக் கணக்கால் விலை காணலும் நிகழும். கீழக்கரையினரும் காயல்பட்டினத்தாரும் பம்பாயிலிருந்து வந்தோரும் ஒரே கரையில் கூடினர். அவர்தம் மொழி வேறு, நாணயம் வேறு, வணிகத் தந்திரமும் வேறு. எனினும் சல்லடையின் எண்ணைச் சொன்ன அளவில் முத்தின் பருமன் எல்லார்க்கும் விளங்கிற்று. விலையில் வழக்கு இருந்தது. துளையில் வழக்கு இருந்ததில்லை.

தூத்துக்குடியின் கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டில் முடிந்தது. அதற்கு 64 ஆண்டுகளுக்குப் பின்னர், 2025 ஆகஸ்ட் 4ஆம் நாள், நம் மாவட்டத்துச் சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் மின்சாரக் கார் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தினுடையது அது. 2024 பிப்ரவரி 25இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டிற்குள் எழுந்த அவ்வாலையின் தொடக்கத் திறன் ஆண்டிற்கு 50,000 வண்டிகள். முத்தும் உப்பும் ஏற்றுமதியான ஊரிலிருந்து இனி மின்வண்டியும் கப்பலேறும் என்பது பேச்சாயிற்று. நம் மாணவர் சிலர் அங்கு வேலைக்கு மனுச் செய்துள்ளமையும் நாம் அறிந்ததே.

அவ்வண்டிக்குப் பெட்ரோல் இல்லை, மின்னேற்றம் வேண்டும். பொதுவழக்கில் 'சார்ஜ் போடுதல்' என்கின்றோம். சார்ஜ் போட வண்டியின் பக்கத்தில் ஒரு வாய் உண்டு. நிலையத்தில் தடித்த கம்பியின் முனையில் ஒரு செருகி உண்டு. கையில் பிடிக்கும் பொழுது துப்பாக்கி போல் இருத்தலின் அதனைக் 'கன்' என்றே வழங்குவர். வாயின் துளைகளும் கன்னின் முட்களும் பொருந்தினால் வண்டி ஓடும். பொருந்தாவிடின் பல இலட்சம் ரூபாய் வண்டி வெறும் நிழற்கூரையாகும். இத்துளைகளை எவ்வாறு அமைப்பது என்பதில் உலகம் 15 ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வருகின்றது. அவ்வழக்கினை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் பிளக்கிற்கு என்ன வேலை என்று வினவும் சான்றோர் சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம். அதற்கான விடை பின்னர் வரும்.

பயணப் பெட்டியில் ஒரு பிளக்

காயல்பட்டினத்து வீடுகளில் ஹாங்காங் சென்று திரும்பியோரின் பெட்டியைத் திறந்தால் அத்தர்ப் புட்டிக்கு அருகில் ஒரு சிறு வெண்ணிறப் பொருள் கிடக்கும். இந்திய பிளக்கின் உருண்டை முட்களை ஒரு புறம் வாங்கி, மறுபுறம் சதுர முட்களாகக் காட்டும் இடைச்செருகி அது. துபாய் சென்றோர் பெட்டியிலும் அதுவே. நாம் இன்றுவரை பயன்படுத்தும் உருண்டை முள் பிளக் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. அவர்களோ 1947இல் சதுர முள்ளுக்கு மாறினர். ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் பலவும் அவர்களைப் பின்பற்றின. நாம் பழையதிலேயே நின்றுவிட்டோம். தந்தவர் கைவிட்டதைப் பெற்றவர் காத்து நிற்றல் பிளக்கிற்கு மட்டும் உரிய விந்தையன்று என்பதைக் கல்வித்துறையில் பணியாற்றும் நாம் நன்கறிவோம்.

இங்கு நோக்கத்தக்கது யாதெனின், சிறு தொகைக்கு வாங்கிய இடைச்செருகி வீட்டுப் பொருளுக்கு முழுமையாகப் பயன்படுகின்றது என்பதே. காரணம், வேறுபாடு வடிவத்தில் மட்டுமே உள்ளது. மின்னழுத்தம் அங்கும் இங்கும் ஏறத்தாழ ஒன்று. சலவைப் பெட்டி மின்கம்பத்தோடு உரையாடுவதும் இல்லை. மின்வண்டியின் நிலை இவ்வாறன்று. அங்குப் பொருத்தம் மூன்று வகைப்படும்.

முதற் பொருத்தம் வடிவம். இது கண்ணிற்குத் தெரிவது. இரண்டாவது மின்னழுத்தம். வண்டியின் மின்கலம் நேர்மின்சாரத்தைச் சேமிப்பது. வீட்டிற்கு வருவது மாறுமின்சாரம். வீட்டுச் செருகியில் மாட்டினால் வண்டிக்குள்ளேயே இருக்கும் ஒரு கருவி அதனை மாற்றிக் கலத்திற்கு ஊட்டும். அக்கருவி சிறிதாகையால் இரவெல்லாம் ஆகும். விரைவு நிலையத்திலோ, நிலையத்தின் பெரிய இயந்திரமே மாற்றிக் கலத்திற்கு நேரே செலுத்தும். ஆதலின் கலம் எத்தனை வோல்ட் கேட்கின்றதோ அத்தனையை நிலையம் தரவல்லதாக இருத்தல் வேண்டும். 72 வோல்ட் கலமும் உண்டு, 400 வோல்ட் கலமும் உண்டு, 800ம் வந்துவிட்டது.

மூன்றாவது பொருத்தம் மொழி. வியப்பாயினும் இது உண்மை. விரைவு மின்னேற்றம் நடைபெறும் நேரமெல்லாம் வண்டியும் நிலையமும் இடையறாது பேசிக்கொண்டிருக்கும். 'எனக்கு இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர் தருக, சூடேறுகின்றது, குறைக்க, போதும், நிறுத்துக' என்று வண்டி கேட்க, நிலையம் இசையும். பேச்சு நின்றால் மின்சாரமும் நிற்கும், அதுவே உயிர்க்காப்பு. செருகியில் உள்ள மெல்லிய முட்கள் இவ்வுரையாடலுக்கு உரியவை. சில நாட்டார் ஒரு மொழியையும் பிறர் வேறொரு மொழியையும் அமைத்தனர். வடிவத்தை ஒட்டு வேலையால் மாற்றலாம்; மொழியை மாற்ற நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அம்மொழிபெயர்ப்பாளரின் விலை அதிகம்.

தேநீர் நேரத்து வழக்கு

ஜப்பானியர் முந்திக்கொண்டனர். 2010இல் டோக்கியோ மின்சார நிறுவனமும் நிசான், மிட்சுபிஷி முதலியோரும் கூடி அமைத்தது 'சாடெமோ' என்னும் தரம். பெயரில் ஒரு குறும்பு உண்டு. 'தேநீர் ஏதும் பருகலாமா?' என்ற பொருள்படும் ஜப்பானியத் தொடரை அது நினைவூட்டும்; தேநீர் அருந்தி முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிடும் என்பது குறிப்பு. பொறியாளர் வைத்த பெயர்களில் நயமுடையது இது ஒன்றே என்பது நம் கருத்து. அவ்வாண்டு இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் வண்டி சாடெமோ வாயோடு பல நாடுகளுக்குச் சென்றது. நமக்கு எதிர்க்கரையான இலங்கையிலும் பழைய லீஃப் வண்டிகள் பெருந்தொகையாய் இறக்குமதியாயின.

ஜெர்மானியரும் அமெரிக்கரும் வேறு வழி கண்டனர். மெதுவாக ஏற்றும் மாறுமின்சார வாயின் கீழேயே இரண்டு தடித்த துளைகளைச் சேர்த்துவிட்டால் ஒரே இடத்தில் இரண்டு பணியும் முடியுமன்றோ? இதுவே 2012இல் அறிவிக்கப்பட்ட 'சி.சி.எஸ்.' எனும் கூட்டுத்தரம். ஆயின் இதிலும் இரு கிளை. அமெரிக்காவில் மேற்பாதி ஒரு வடிவம். ஐரோப்பாவில் மெனெகெஸ் என்ற ஜெர்மானிய நிறுவனம் வடிவமைத்த ஏழு துளை வாய். ஐரோப்பியது சி.சி.எஸ். 2 எனப்படும். பிரான்சும் இத்தாலியும் வேறொரு செருகியை முன்வைத்துச் சில காலம் வாதாடின. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றி, பொது நிலையங்களில் ஜெர்மானிய வடிவம் கட்டாயம் இருத்தல் வேண்டும் என முடித்தது. சீனம் 2011இலேயே 'ஜி.பி/டி' எனத் தனக்கென ஒன்றை வகுத்துக்கொண்டது. டெஸ்லா நிறுவனம் 2012 முதல் எவரோடும் சேராது, கைக்கடக்கமான தன் செருகியைத் தானே வைத்திருந்தது.

ஆக, ஒரு பொருளுக்கு ஐந்து வாய்கள். இவற்றுள் எது சிறந்தது என்ற வினா எளிதில் தீராதது. சாடெமோ முதலில் வந்தது, உறுதியானது. ஆனால் மெதுவேற்றத்திற்கு வண்டியில் இன்னொரு வாய் வேண்டும். சி.சி.எஸ். இரண்டையும் ஒன்றாக்கிற்று, ஆனால் செருகி பருமனானது. டெஸ்லாவினது மெல்லியது, பல்லாண்டு ஒருவருக்கே சொந்தம். சிறப்பு எதுவாயினும் வழக்கைத் தீர்த்தது சிறப்பன்று. ஐரோப்பாவில் தீர்த்தது சட்டம். நிசானே 2020இல் தன் புதிய ஏரியா வண்டியை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சி.சி.எஸ். வாயோடு விற்பதாக அறிவித்தது. தேநீர்க் கடையைத் திறந்தவரே வேறு கடைக்குச் சென்றாற்போல. அமெரிக்காவில் தீர்த்தது வேறொன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

இந்தியா ஐந்தையும் கேட்டது

நம் நாட்டில் 2017இல் நடுவண் அரசின் குழு இரு தரங்களை வகுத்தது. 'பாரத் ஏ.சி. 001' மெதுவேற்றத்திற்கு, 'பாரத் டி.சி. 001' சற்று விரைந்த ஏற்றத்திற்கு. பின்னதன் திறன் 15 கிலோவாட். செருகி சீனத்தின் ஜி.பி/டி. அந்நாளில் இந்தியாவில் ஓடிய மின்கார்கள் சிறியவை, 72 வோல்ட் அளவில் இயங்கியவை. அரசு அலுவலகங்களுக்கென அவ்வாண்டில் 10,000 மின்கார்கள் வாங்க ஒப்பந்தம் கோரப்பட்டது. ஐரோப்பிய விரைவு நிலையங்கள் குறைந்தது 150, 200 வோல்ட்டில் தொடங்குபவை; அவை 72 வோல்ட் கலத்தை ஏறிட்டும் பார்க்கா. எனவே உள்நாட்டு வண்டிக்கு ஏற்ற, விலை குறைந்த தரம் ஒன்றை வகுத்தனர். அவர்களை அறியாமையாளர் என்று இன்று நகைப்பது எளிது, அது முறையன்று. அன்றைய வண்டிக்கு அளந்து தைத்த சட்டை அது. வண்டி ஓராண்டில் வளர்ந்துவிட்டது என்பதே பிழை.

2018 டிசம்பர் 14இல் மின்சார அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு பொது நிலையமும் சி.சி.எஸ்., சாடெமோ, டைப் 2, பாரத் டி.சி., பாரத் ஏ.சி. ஆகிய ஐந்து வகையையும் வைத்திருத்தல் வேண்டும். எந்தப் பிள்ளையையும் வருத்த விரும்பாத தாய், ஐந்து பிள்ளைக்கும் ஐந்து குழம்பு வைக்க ஒப்புக்கொண்டாற்போன்ற ஆணை இது. இவற்றுள் சாடெமோவுக்கு இந்தியச் சாலையில் வண்டி காண்பது அரிது. ஆயினும் 50 கிலோவாட் சாடெமோ இயந்திரத்தை வாங்கி நிறுத்தியாக வேண்டும். முதலீடு செய்ய எண்ணியோர் தயங்கினர். 2019 அக்டோபர் 1இல் நெறிமுறை திருத்தப்பட்டு, தேவைக்கேற்ற வகையை நிலையத்தாரே தேர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று. அதற்குள் சந்தை முடிவு செய்துவிட்டது. 2019 ஜூலையில் ஹூண்டாய் கோனா, 2020 ஜனவரியில் எம்.ஜி. இசட்.எஸ்., அதே மாதம் டாடா நெக்சான் என வந்தவை யாவும் சி.சி.எஸ். 2 வாயோடு வந்தன. இன்று சில்லாநத்தத்தில் உருவாகும் வி.எஃப். 6, வி.எஃப். 7 வண்டிகளின் வாயும் அதுவே. தன் நாட்டில் தனிச் செருகி வைத்திருக்கும் டெஸ்லாவும் 2025 ஜூலையில் இந்தியாவிற்குள் சி.சி.எஸ். 2 உடனேயே நுழைந்தது.

வழக்கு முடிந்தது எனலாம். முடிந்த வழக்கில் தோற்றவர் யார் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

நாம் 'காக்கா' என்று அழைக்கும் உறவினர் ஒருவர், அலுவலக ஒப்பந்தத்தில் ஓடிக் கழிந்த பழைய மின்கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். வாய், ஜி.பி/டி. ஊருக்குள் ஓட்டும் வரை குறையில்லை. 2024இல் ஒரு நாள் அவர்தம் துணைவியாரின் கண் பரிசோதனைக்காக மதுரைக்குப் புறப்பட்டோம், நாமும் உடனிருந்தோம். குளிர்சாதனம் ஓடியதால் எட்டயபுரம் தாண்டியதும் கலத்தின் அளவு விரைந்து இறங்கிற்று. அருப்புக்கோட்டையை அணுகிய இடத்தில் ஒரு நிலையத்தைக் கைப்பேசி காட்டிற்று. புதிய நிலையம், விளக்கொளி, இரண்டு கன்கள். இரண்டும் சி.சி.எஸ். 2. காக்கா கன்னைக் கையில் எடுத்து வண்டியின் வாயருகே கொண்டு சென்று, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். இடைச்செருகி கிடைக்குமா என்று வினவினோம். அழுத்தமும் மொழியும் வேறாகையால் இடைச்செருகியால் பயனில்லை என்பதை அன்றே முதன்முதலாகக் கற்றோம். மேலே முன்று பொருத்தம் என்று எழுதியது நூலறிவு மட்டுமன்று.

சாலையோரத் தேநீர்க் கடைக்காரர் இரக்கமுற்றார். "கிரைண்டருக்குப் போட்ட பதினைஞ்சு ஆம்ஸ் பிளக்கு ஒண்ணு இருக்கு பாய், அது போதுமா?" என்றார். அதுவே போதுவதாயிற்று, ஐந்து மணி நேரம். மருத்துவமனையின் நேரம் கடந்தது. மருத்துவர் மறுவாரம் வரச் சொன்னார். காத்திருந்த ஐந்து மணி நேரத்தில் எத்தனை கோப்பைத் தேநீர் பருகினோம் என்பது நினைவில் இல்லை. ஜப்பானியர் ஒரு கோப்பைக்கே கணக்கிட்டிருந்தனர் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம்.

இரு சக்கர வண்டிகளில் வழக்கு இன்னும் முடியவில்லை. ஓலா தன் செருகியைத் தனக்கென வைத்துள்ளது. டி.வி.எஸ்., பஜாஜ் வண்டிகளை வீட்டு பிளக்கிலேயே மாட்டும் பழக்கம் மிகுதி. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ஆகிய இருவர் 2013இல் தொடங்கி இன்று ஓசூரில் வண்டி செய்யும் ஏத்தர் நிறுவனம், மெதுவேற்றமும் விரைவேற்றமும் ஒரே வாயில் நிகழும் செருகியை அமைத்து, 2021இல் பிற நிறுவனத்தாரும் கொள்ளலாம் எனத் திறந்துவிட்டது. ஹீரோ நிறுவனத்தின் விடா வண்டி அதனை ஏற்றது. 2023 அக்டோபரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதனை ஐ.எஸ். 17017 வரிசையில் சேர்த்தது. தமிழ்நாட்டு ஆலையில் பழகிய ஒரு செருகி நாட்டின் தர ஏட்டில் ஏறியது நமக்குப் பெருமையே. எனினும் அதனை ஏற்றல் கட்டாயமன்று.

விட்டுக்கொடுத்தவர் தரம்

ஏத்தர் செய்ததைப் போன்ற செயலின் பழைய சான்று நம் துறைமுகத்தில் நாள்தோறும் கண்முன் நிற்கின்றது. 1974 ஜூலை 11இல் பெருந்துறைமுகமாகி, இன்று வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என விளங்கும் நம் துறைமுகச் சாலையில் வரிசையாக நிற்கும் கண்டெய்னர்களை நோக்குக. ஒவ்வொரு பெட்டியின் எட்டு மூலையிலும் ஓர் எஃகு வார்ப்பு. அதில் நீள்வட்டத் துளைகள். அத்துளைக்குள் ஒரு பூட்டு நுழைந்து திரும்பினால் பெட்டி கப்பலோடும் லாரியோடும் பாரந்தூக்கியோடும் பிணையும். தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டியைக் கொழும்பில், சிங்கப்பூரில், ராட்டர்டாமில் எந்தப் பாரந்தூக்கியும் எடுக்கும்.

தொடக்கத்தில் இந்த ஒற்றுமை இல்லை. 1956 ஏப்ரல் 26இல் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பின்னர் அவருடைய சீலேண்ட் நிறுவனத்தின் பெட்டி 35 அடி. மேட்சன் என்னும் பிறிதொரு நிறுவனத்தின் பெட்டி 24 அடி. மூலைத்துளையும் பூட்டும் ஆளுக்கொரு வகை. ஒருவர் பெட்டியை மற்றவர் கருவியால் எடுக்க இயலாது. மெக்லீனின் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் என்பவர் அமைத்த மூலையும் பூட்டும் நன்றாகவே பயன்பட்டன. அவற்றின் காப்புரிமையோ நிறுவனத்திடம் இருந்தது. 1960களில் அக்காப்புரிமையைக் கட்டணமின்றி உலகிற்கு விட்டுக்கொடுக்க மெக்லீன் இசைந்தார். அந்த அமைப்பையே அடிப்படையாகக் கொண்டு, திருத்தங்களோடு உலகத் தர மூலை உருவாயிற்று. பெட்டியின் நீளத்தில் 20 அடியும் 40 அடியும் நிலைத்தன. மெக்லீனின் 35 அடி நிலைக்கவில்லை. துளையைக் கொடுத்தார், நீளத்தை இழந்தார், வணிகமோ பெருகிற்று.

அமெரிக்க மின்கார் வழக்கைத் தீர்த்ததும் இதுவே என நாம் கருதுகின்றோம். பத்தாண்டு தன்னிடமே வைத்திருந்த செருகியின் வரைபடத்தை டெஸ்லா 2022 நவம்பரில் வெளியிட்டது. 2023 மே மாதம் ஃபோர்டும் ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸும் ஏற்றன, பிறரும் தொடர்ந்தனர். அமெரிக்கப் பொறியாளர் கழகம் அதற்கு 'ஜே 3400' என எண் இட்டது. கருணையால் நிகழ்ந்ததன்று; பிறர் வண்டியும் தன் நிலையத்தில் நின்றால் வருவாய் பெருகும். மெக்லீனின் கணக்கும் அவ்வாறே இருந்திருத்தல் கூடும். நோக்கம் எதுவாயினும் துளை பொதுவாயிற்று. ஆயின் அங்கும் ஏற்கெனவே பழைய கூட்டுத்தர வாயோடு வண்டி வாங்கிய இலட்சக்கணக்கானோர் இனி இடைச்செருகியைச் சுமந்து திரிய வேண்டும். அவர்கள் நிலை காக்காவின் நிலையினும் மேலானது. அங்கு வேறுபடுவது வடிவமே, மொழி ஒன்றே. ஆகையால் இடைச்செருகி பயன்படும்.

தரம் வகுப்போர் புதிய வண்டியையே நோக்குவர், அது இயல்பு. பழைய வண்டிக்கு இத்தனை ஆண்டு இந்நெடுஞ்சாலையில் இத்தனை தொலைவிற்கு ஒன்றாகப் பழைய கன் இருத்தல் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதுமானது. ஐந்து வகையும் கட்டாயம் என்ற 2018ஆம் ஆண்டு ஆணைக்கும், எதுவும் கட்டாயமன்று என்ற 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கும் இடையே அவ்வரிக்கு இடமிருந்தது. முதலில் நம்பி வாங்கியவரே தரமாற்றத்தின் செலவைத் தாங்குகின்றார் என்பது நமக்கு வருத்தம் தருகின்றது.

இனித் தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்ற வினாவிற்கு வருவோம். கணிப்பொறியில் தமிழ் நுழைந்த நாள்களில், எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் 'அ'கரத்தை ஒவ்வோர் இடத்தில் வைத்தனர். ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரையை மற்றொன்றில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத் தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்குப் பொதுமுறை கண்டது. குறியேற்றத்திற்கு டாம், டாப் என இரண்டு வந்தன. அயலகத் தமிழர் உருவாக்கிய திஸ்கி முன்னரே வழக்கில் இருந்தது. 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. காரின் வாய் போலவே இங்கும் ஒன்று நிலைத்தது. காக்காவின் கார் போலவே இங்கும் சில நடுவழியில் நின்றன.

நம் துறையின் பழைய மலர் ஒன்றின் கோப்பு, குறுந்தட்டில் நலமாக உள்ளது. அதனை அடித்த எழுத்துருவைச் செய்தவர் இன்று அத்தொழிலில் இல்லை; அச்சுப்படியும் ஒன்றே எஞ்சியுள்ளது, அதுவும் கறையான் தின்ற நிலையில். அம்மலரில் இவ்வூர் முத்துக்குளிப்பைக் கண்ட முதியவர் ஒருவரின் நேர்காணல் உள்ளது. அவர் இப்பொழுது இல்லை. சல்லடையைப் பற்றி அவர் என்ன கூறினார் என்பதை அறிய விழைந்தே இம்முயற்சியைத் தொடங்கினோம். முதுகலை மாணவியர் இருவர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு ஒரு மாற்று அட்டவணை செய்து, நேர்காணலின் பெரும்பகுதியைப் படிக்கும் நிலைக்குக் கொணர்ந்துள்ளனர். றகரமும் ணகரமும் வரும் இடங்களில் இன்னும் வெற்றுக் கட்டங்களே நிற்கின்றன. 'கண்ணறை' என்றாரா, வேறு சொல்லா என்று தெரியாத அச்சொல்லைக் கறையான் படியோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலை நடைபெற்று வருகின்றது.